தழும்ப மறைக்கிற டாட்டூ: அம்மாச்சி கைப் பச்சையில இருந்து ஆரம்பிக்கலாம்

எங்க அம்மாச்சிக்கு வலது முன்கையில கோலம் மாதிரி பச்சை குத்தியிருக்கும். சின்ன வயசுல நான் அத தடவிக்கிட்டே இந்தப் பச்சை எந்த இலையில எடுத்தாங்கன்னு கேட்டேன். "இலையெல்லாம் இல்லடி, வெளக்குக் கரி, அத தாய்ப்பால்ல கொழச்சு ஊசியால குத்துவாங்க, குத்துறப்ப கருப்பாத்தான் இருந்துச்சு, ஆறுனப்புறம் இப்புடி பச்சையாயிருச்சு"ன்னாங்க. கரி எப்படி பச்சையாகும்னு எனக்கு ரொம்ப வருஷம் புரியல. அப்புறம் என் இடது கையில இருக்க எண்ணெய் தெறிச்ச தழும்ப மறைக்க வழி இருக்கான்னு தேடிக்கிட்டு இருந்தப்ப மைக்ரோபிக்மென்டேஷன்னு ஒண்ணு இருக்கது தெரிஞ்சு, அதப் பத்தி படிக்கப் படிக்கத்தான் அம்மாச்சி கைக்கும் விடை கிடைச்சது. அந்த விடை புரிஞ்சா இந்த சிகிச்சையில முக்காவாசி புரிஞ்ச மாதிரி. அதனால அங்கயிருந்தே சொல்றேன்.

தோல இப்போதைக்கு ரெண்டு அடுக்கா நெனச்சுக்கோங்க. மேல இருக்கது மேல்தோல், உடம்புல பெரும்பாலான எடத்துல அது ஒரு பேப்பர் கனம்தான், சுமாரா 0.1 மில்லிமீட்டர். நம்மள கருப்பா மாநிறமா காட்டுற மெலனின்ங்கிற நிறம் இந்த மெல்லிசான அடுக்குலதான் இருக்கு. இது சும்மா இருக்காது, அடியில புதுசு உருவாகி மேல பழசு உதிர்ந்துக்கிட்டே இருக்கும், ஒரு மாசம் கிட்டத்தட்ட ஆனா மேல்தோல் புதுசாயிரும், மருதாணி ரெண்டு மூணு வாரத்துல காணாம போறதுக்கு காரணம் இதான், அது மேல உதிர்ற பகுதியில மட்டும் ஏறுற கலர். அதுக்குக் கீழ இருக்கது உள்தோல், கொஞ்சம் தடிமனா இருக்கும், தோலுக்கு உறுதி குடுக்குற கொலாஜன், இழுத்தா திரும்ப சுருங்க வைக்கிற எலாஸ்டின் எல்லாம் இங்கதான். பச்சை குத்துறப்பவும் சரி டாட்டூ போடுறப்பவும் சரி மை போய் உக்கார்ற எடம் இந்த உள்தோலோட மேல்பகுதி, ஒண்ணுல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் ஆழம்.

அங்க போன மை ஏன் கரைஞ்சு போகலன்னா, நம்ம உடம்புல வெளிய இருந்து வந்தத விழுங்குற செல்கள் இருக்கு, அதுங்க மை துகள விழுங்கி வச்சுக்குதுங்க, ஆனா செரிக்க முடியாது. அந்த செல் செத்தா மை வெளிய வரும், பக்கத்துல புதுசா வந்த செல் திரும்ப விழுங்கிக்கும். பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல இருக்க ஆராய்ச்சியாளர்கள் 2018ல எலி வாலுல டாட்டூ போட்டு இத காட்டினாங்க. அப்ப டாட்டூங்கிறது காஞ்சுபோன பெயிண்ட் மாதிரி ஒரே எடத்துல கிடக்குற பொருள் இல்ல, உயிரோட இருக்க செல்கள் கைமாத்தி கைமாத்தி வச்சிருக்க பொருள். வருஷக்கணக்குல அது மங்குறதுக்கும் லேசா பரவுறதுக்கும் இதுல காரணம் இருக்கு.

இப்ப பச்சைக்கு வருவோம். மை உள்தோல்ல இருக்கு, அதுக்கு மேல நம்ம மேல்தோல் ஒரு திரை மாதிரி இருக்கு. வெளிச்சம் அந்தத் திரைய தாண்டி உள்ள போய் திரும்பி வெளிய வரணும். வர்ற வழியில நீலப் பக்கத்து வெளிச்சம் அதிகமா சிதறி நம்ம கண்ணுக்கு வருது, சிவப்பு ஆழமா போய் கரியில மாட்டிக்குது, அதனால கருப்புக் கரி நீலப்பச்சையா தெரியுது. ரத்தம் சிவப்பா இருந்தும் கையில ஓடுற நரம்ப நாம பச்சை நரம்புன்னு சொல்றோமே, அதுவும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதாவது தோலுக்குள்ள வச்ச கலர் பாட்டில்ல இருந்த கலரா தெரியாது, உங்க தோல் வழியா எட்டிப் பார்த்த கலராத்தான் தெரியும். இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கீழ நான் சொல்ற ஒவ்வொண்ணும் இதுல இருந்துதான் வருது.

மைக்ரோபிக்மென்டேஷன்னா சாதாரண டாட்டூதான், வேலைதான் வேற. டாட்டூல ஒரு படம் தெரியணும். இதுல எதுவும் தெரியக்கூடாது. வெள்ளையா போன தழும்புல, சுத்தியிருக்க தோலோட கலர்ல நிறமிய மெல்லிசான ஊசியால புள்ளி புள்ளியா ஏத்தி, தழும்பையும் தோலையும் ஒண்ணு போல காட்டப் பாக்குறாங்க. ஸ்கார் கேமோஃபிளாஜ், பாராமெடிக்கல் டாட்டூ, பிஎம்யூ (பர்மனென்ட் மேக்கப்) அப்படின்னு பல பேர்ல ஓடுது, புருவத்துக்கும் உதட்டுக்கும் பண்றதையும் இதே பேர்ல சொல்றாங்க, அதனால நீங்க விசாரிக்கப் போனா "தழும்புக்கு தோல் கலர் ஏத்துறது"ன்னு தெளிவா சொல்லிடுங்க.

இது இன்ஸ்டாகிராம் வந்தப்புறம் வந்த பழக்கம் இல்ல. 1940கள்லயே நியூயார்க்ல ஹெர்பர்ட் கான்வேங்கிற பிளாஸ்டிக் சர்ஜன், பொறக்கும்போதே முகத்துல இருக்க செந்நிற மச்சத்த தோல் கலர் மை குத்தி மறைக்கப் பாத்தாரு. நம்ம நாட்டு ஸ்கின் டாக்டர்களும் பல காலமா வெண்புள்ளிக்கு இத பண்றாங்க, குறிப்பா உதட்டுல வர்ற வெண்புள்ளிக்கு. (வெண்குஷ்டம்னு சொல்றத தயவுசெஞ்சு விட்டுருங்க, அதுக்கும் குஷ்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.) மார்பகப் புத்துநோய்க்கு ஆபரேஷன் பண்ணவங்களுக்கு மார்க்காம்ப டாட்டூவாலயே அசல் மாதிரி வரைஞ்சு குடுக்குறாங்க, அமெரிக்காவுல மேரிலாண்ட்ல வின்னி மையர்ஸ்னு ஒரு டாட்டூக்காரர் இதுல ரொம்பப் பேர் வாங்கினவரு. எனக்கு மனசுக்கு நெருக்கமான கதை டொராண்டோல இருக்க பாஸ்மா ஹமீதோடது, ரெண்டு வயசுல அடுப்படியில கொதிக்கிற எண்ணெய் பட்டு முகம் வெந்துருச்சு, ஏகப்பட்ட ஆபரேஷன் பண்ணியும் நிறம் வரல, இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க. புருவத்துக்கு டாட்டூ போட்டுக்கிட்டப்ப, புருவத்துல பண்றத ஏன் தழும்புல பண்ணக்கூடாதுன்னு யோசிச்சு, கத்துக்கிட்டு, தன் முகத்துல தானே பண்ணிக்கிட்டாங்க. இப்ப மத்தவங்களுக்கு பண்றது அவங்க தொழில். எனக்கும் எண்ணெய்தான், பதினாலு வயசுல அப்பளம் பொரிக்கிறப்ப. அதனால அந்தக் கதைய படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

சரி, எந்தத் தழும்புக்கு இது சரிவரும். இங்கதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

சுத்தியிருக்க தோல விட வெளுத்துப் போய், தட்டையா, பழசாகி அமைதியா இருக்க தழும்புக்குத்தான் இது. பைக் சைலன்சர் கெண்டைக்கால்ல சுட்டது, குக்கர் ஆவி பட்டது, ஆபரேஷன் தையல் கோடு, இதெல்லாம் வருஷம் போனா சில பேருக்கு வெள்ளையா நிக்கும், அப்ப யோசிக்கலாம். கருப்பா நிக்கிற தழும்புக்கு இது ஆகாது. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு தழும்பு கருப்பாத்தான் நிக்கும், கொசு கடிச்சாக்கூட கருப்பு விழுற தோல் நம்மது. கருப்புக்கு மேல வெளிர் கலர் அடிச்சா மறைஞ்சுரும்னு நெனைப்போம், சுவத்துக்கு பெயிண்ட் அடிக்கிற மாதிரி. ஆனா கருமை இருக்கது பெரும்பாலும் மேல்தோல் மெலனின்ல, மை போறது அதுக்குக் கீழ. கார் கண்ணாடியில கருப்பு ஷீட் ஒட்டியிருக்கு, நீங்க காருக்குள்ள வெள்ளைத் துணி விரிச்சா வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு கண்ணாடி வெள்ளையாவா தெரியும்? அதே கதைதான். அதோட ஊசி குத்துற காயத்துக்கே நம்ம தோல் இன்னும் கொஞ்சம் மெலனின் சுரந்து வைக்கும், இருந்தத விட கருப்பாகிடலாம். கருந்தழும்புக்கு சன்ஸ்கிரீனும் ஸ்கின் டாக்டர் குடுக்குற மருந்தும்தான் வழி, நேரம் ஆகும், ஆனா நெறைய பேருக்கு குறையும்.

சிவப்பா, ஊதாவா, அரிப்போட இருக்க தழும்பும் வேண்டாம், அது இன்னும் மாறிக்கிட்டு இருக்கு. தழும்பு முழுசா முத்துறதுக்கு ஒரு வருஷமாவது ஆகும், சில நேரம் அதுக்கு மேலயும் ஆகும். சிசேரியன் ஆகி ஆறு மாசத்துல போய் நிக்காதீங்க, பால் குடுக்குற காலத்துலயும் வேண்டாம். மேடா எழும்பின தழும்புல கலர் மாத்துனாலும் மேடு மேடாத்தான் இருக்கும், வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்தா நிழல் காட்டிக்குடுத்துரும். குழியா இருக்க அம்மைத் தழும்பு, பருத் தழும்புக்கும் அப்படித்தான். நிறம் மட்டும்தாங்க மாறும், மேடு பள்ளம் மாறாது. விளம்பரத்துல தழும்ப "நீக்குறோம்"னு போட்டிருந்தா அது தப்பான வார்த்தை.

இதுல கீலாய்டு தனி விஷயம். சில பேருக்கு காயம் ஆறினப்புறமும் தழும்பு நிக்காம காயத்தோட எல்லைய தாண்டி வளரும், கருத்த தோல் இருக்கவங்களுக்கு இது அதிகம், நெஞ்சு, தோள், காது மடல் இங்கெல்லாம் ரொம்ப வரும். உங்களுக்கு காது குத்தின எடத்துல உருண்டையா வந்திருக்கா, சின்ன வயசுல போட்ட பிசிஜி தடுப்பூசி தழும்பு பெருசாகி மேடா இருக்கா, வீட்டுல அம்மா அப்பா யாருக்காவது அப்படி இருக்கான்னு பாருங்க, இருந்தா ஸ்கின் டாக்டர பாக்காம ஊசிய கிட்ட வரவே விடாதீங்க. இது ஆயிரக்கணக்குல புதுசா சின்னச் சின்னக் காயம் போடுற வேலை. ஒரு தழும்ப மறைக்கப் போய் பெருசா இன்னொண்ணு வளர்ந்து நின்னா அந்த வேதனைய யாரும் ஈடுகட்ட முடியாது.

இனி ஸ்ட்ரெச் மார்க். உள்தோல் தாங்குற வேகத்த விட வேகமா இழுபட்டா கொலாஜன், எலாஸ்டின் நாரெல்லாம் அறுந்து போகும், மேல்தோல் அறுகாது, அதனால ரத்தம் வராம உள்ளுக்குள்ளயே கிழிஞ்ச தழும்பா நிக்கும். கர்ப்பத்துல வயிறு, பருவ வயசுல மளமளன்னு வளர்ற பசங்களுக்கு முதுகு தொடை, ஜிம்முக்கு போற தம்பிங்களுக்கு தோள்பட்டை. இன்னொரு காரணத்தையும் சொல்லியே ஆகணும், படர்தாமரைக்கும் முகம் வெளுக்கவும் மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கித் தடவுற டியூப்ல நெறையதுல வீரியமான ஸ்டீராய்டு இருக்கு, தொடை இடுக்குல மாசக்கணக்குல தடவினா அங்க தோல் மெலிஞ்சு அகலமா ஸ்ட்ரெச் மார்க் விழுந்துரும், அது திரும்ப போகவே போகாது. 2018ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்கள டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு கொண்டு வந்தாங்க, அப்படியும் என் கண்ணு முன்னாடியே கேட்டவங்களுக்கு எடுத்துக் குடுக்குறத பாத்திருக்கேன்.

ஸ்ட்ரெச் மார்க் மொதல்ல சிவப்பா ஊதாவா இருக்கும். கிரீம், லேசர் எதுவா இருந்தாலும் ஓரளவு கேக்குறது அந்தக் காலத்துலதான். அப்புறம் மாசக்கணக்குல மங்கி வெள்ளிக்கோடு மாதிரி ஆயிரும், டாக்டருங்க ஸ்ட்ரையா ஆல்பான்னு சொல்ற நிலை. கலர் ஏத்துறது இந்த வெள்ளி நிலைக்கு மட்டும். ஆனா ஒரு கஷ்டம், அந்தக் கோடு வெள்ளையா இருக்கது மட்டும் இல்ல, பளபளன்னும் இருக்கு. சாதாரண தோல்ல நுணுக்கமான வரி வரியா இருக்கும், வெளிச்சம் பட்டா நாலாபக்கமும் சிதறும். ஸ்ட்ரெச் மார்க்ல அந்த வரியெல்லாம் அழிஞ்சு வழுவழுன்னு ஆகியிருக்கும், வெளிச்சம் பட்டா மினுங்கும். கலர் எவ்வளவு சரியா பொருந்தினாலும் மினுமினுப்பு போகாது. நேரா நின்னு எடுத்த போட்டோல ஒண்ணுமே தெரியாது, ஜன்னல் பக்கமா லேசா திரும்புனா தெரியும். அதனால யாராவது முன்னாடி பின்னாடி போட்டோ காட்டுனா, பக்கவாட்டு வெளிச்சத்துல எடுத்தது இருக்கா, பண்ணி ஒரு வருஷம் கழிச்சு எடுத்தது இருக்கா, நம்ம மாதிரி கலர் இருக்கவங்களோடது இருக்கான்னு கேளுங்க. அன்னிக்கே எடுத்த போட்டோல ஒரு விவரமும் கிடையாது, குத்தின உடனே தோல் வீங்கி சிவந்து கோட்ட தானாவே மறைச்சிருக்கும்.

நம்ம கலர்ங்கிறது ஏன் முக்கியம்னா, இந்தத் தொழில்ல பாதி வீடியோ வெள்ளைத் தோல் மேல பண்றது. தோல் வகைன்னு ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் சொல்றாங்களே, ஹார்வர்ட்ல தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக்னு ஒரு ஸ்கின் டாக்டர் 1975ல ஆரம்பிச்சது, அதுவே மொதல்ல வெள்ளைக்காரங்களோட தோலுக்கு மட்டும்தான் வகுத்தாங்க, மாநிறம் கருப்பு எல்லாம் அஞ்சு ஆறுன்னு அப்புறமா சேத்தது. நம்மள்ல பெரும்பாலானவங்க நாலு அஞ்சுல வருவோம், சில பேர் ஆறு. நம்ம தோல்ல மேல இருக்க திரையும் கனமா இருக்கு, ஊசி பட்டா கருக்கிற குணமும் இருக்கு, ஒரே வயித்துல நாலு கலரும் இருக்கு. சேலை கட்டுறவங்க இடுப்ப பாருங்க, வெயில் படுற எடம் ஒரு கலர், மூடியிருக்க எடம் வேற கலர், கோடு ரெண்டுலயும் ஓடும். ஒரே ஒரு கலர கலந்து வச்சுக்கிட்டு முழுசுக்கும் குத்துறவங்க கிட்ட இது சரியா வராது, எடத்துக்கு எடம் மாத்திக் கலக்கத் தெரியணும்.

நிறமி எதுல செய்யிறாங்கன்னா, பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு குடும்பம், அதுல மஞ்சள், சிவப்பு, கருப்பு மூணும் கிடைக்கும், வெளுக்க வைக்க டைட்டானியம் டையாக்சைடு. இதையெல்லாம் கலந்துதான் தோல் கலர் வரும். மேல சொன்ன திரை விஷயத்தால கையில தடவிப் பாத்து பொருந்துற கலர் உள்ள போனா பொருந்தாது, ஆறி மேல்தோல் வளர்ந்தப்புறம் எப்படித் தெரியும்னு கணிச்சு கலக்கணும், அது அனுபவத்துல வர்ற கண்ணு. அனுபவம் இருக்கவங்களுக்கே நிச்சயமா தெரியாதுங்கிறதாலதான் பேட்ச் டெஸ்ட். வெளிய தெரியாத மூலையில ஒரு பயறு அளவுக்கு குத்திட்டு ஆறு வாரம் காத்திருந்து பாக்கணும். மொதல் வாரம் கருத்து இருக்கும், பொருக்கு கட்டி உதிரும், ரெண்டாவது மூணாவது வாரம் கலரே நிக்கலையோன்னு தோணும், நாலுல இருந்து ஆறு வாரத்துலதான் உண்மையான நிறம் மேல வரும். அலர்ஜி வருதா, கருக்குதா, மேடு தட்டுதான்னும் இதுலயே தெரிஞ்சுரும். இந்த ஆறு வாரத்த தாண்டி அவசரப்படுத்துறவங்க கிட்ட இருந்து எழுந்து வந்துருங்க.

நான் அப்படித்தான் எழுந்து வந்தேன். மொதல்ல போன எடம் ஒரு பியூட்டி கிளினிக், பேர் வேண்டாம், உக்காந்த பத்து நிமிஷத்துல "அக்கா இன்னிக்கே முடிச்சிரலாம், ஆஃபர் இன்னிக்கு வரைக்கும்தான்"னு சொன்னாங்க. கீலாய்டு இருக்கான்னு கேக்கல, சுகர் இருக்கான்னு கேக்கல, மை பாட்டில்ல என்ன இருக்குன்னு கேட்டா "இம்போர்ட்டட்"னு மட்டும் பதில். எனக்கு அழுகையா வந்துச்சு, ஏன்னா பதினஞ்சு வருஷமா முழுக்கை பிளவுஸ் போட்டுக்கிட்டு இருக்கவளுக்கு இன்னிக்கே முடிஞ்சிரும்ங்கிற வார்த்தை எவ்வளவு இழுக்கும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். தழும்பு இருக்கவங்களோட அந்த ஏக்கத்துல வியாபாரம் பண்றத என்னால ஏத்துக்க முடியல, இத எழுதுறதுக்கே அதுதான் காரணம்.

பண்ற முறை பெருசா ஒண்ணும் இல்ல. மரத்துப்போற கிரீம் தடவி கொஞ்ச நேரம் விடுவாங்க, அப்புறம் பேனா மாதிரி மெஷின்ல ஒருதடவை மட்டும் பயன்படுத்துற ஊசி மாட்டி, சின்னப் புள்ளியா ஓரத்துல கலந்து கலந்து போவாங்க. ஓரம்தான் கஷ்டமான எடம், அங்க அழுத்தினா தழும்ப சுத்தி பார்டர் போட்ட மாதிரி ஆயிரும். தழும்புத் தோல் சாதாரண தோல் மாதிரி மைய வாங்காது, சில எடம் கெட்டியா இருக்கும், சில எடத்துல பரவிரும், அதனால ஒரே சிட்டிங்ல முடியாது, ரெண்டு மூணு ஆகும், நடுவுல ஒண்ணு ரெண்டு மாசம் இடைவெளி வேணும். வீட்டுக்கு வந்தா பொருக்க பிச்சு எடுக்கக் கூடாது, குளத்துல நீச்சல் குளத்துல இறங்கக் கூடாது, வெயில் படக்கூடாது.

மஞ்சள், வேப்பிலை அரைச்சுப் போடலாமான்னு அம்மா கேட்டாங்க, வேண்டாம், அது திறந்த காயம். சுத்தம் பத்தி சொல்றப்ப ஊசிய மட்டும்தான் எல்லாரும் பாக்குறாங்க, ஊசி வழியா ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி வரலாம்ங்கிறது உண்மை, அதனால பாக்கெட்ட உங்க முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. ஆனா மையும் பிரச்சனைதான். 2011 கடைசியில அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர்ல டாட்டூ போட்ட 19 பேருக்கு தோல்ல விடாப்பிடியா சிவந்த கொப்புளம் வந்துச்சு. தேடிப் பாத்தா, கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே சாம்பல் நிற மையில கிருமி, காசநோய் கிருமியோட குடும்பத்தச் சேர்ந்த ஒண்ணு. தண்ணியில அந்தக் கிருமி சாதாரணமா இருக்கும். அதனால மைய நீர்க்க குழாய்த் தண்ணியோ கேன் தண்ணியோ ஊத்துறத பாத்தீங்கன்னா அதோட வந்துருங்க, ஸ்டெரைல் தண்ணிதான் ஊத்தணும். அமெரிக்காவுல உணவு, மருந்தையெல்லாம் கண்காணிக்கிற எஃப்டிஏங்கிற அரசு அமைப்பு, அழகுக்காக தோலுக்குள்ள ஏத்தலாம்னு ஒரு நிறமிக்கும் ஒப்புதல் குடுத்தது இல்ல, ஐரோப்பிய யூனியன் 2022 ஜனவரியில இருந்து டாட்டூ மையில ஆயிரக்கணக்கான ரசாயனத்துக்கு கட்டுப்பாடு போட்டிருக்கு. பாட்டில்ல தயாரிச்ச கம்பெனி, பேட்ச் நம்பர், காலாவதி தேதி, உள்ள என்ன இருக்குன்னு போட்டிருக்கணும், அத ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி அலர்ஜி வந்தா டாக்டருக்கு அதுதான் உதவும்.

சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர கேக்காம போகக்கூடாது. பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டவங்களயும் ஆறு மாசம் விட்டு வரச் சொல்றது வழக்கம். வெண்புள்ளி இருக்கவங்களுக்கு அது பரவாம நின்னு ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும், இல்லன்னா குத்தின எடத்துலயே புதுசா வெளுக்கலாம். உதட்டுல அடிக்கடி அக்கி மாதிரி கொப்புளம் வர்றவங்களுக்கு ஊசி பட்டா திரும்பக் கிளம்பும், முன்னாடியே மாத்திரை குடுப்பாங்க. ரத்த தானம் பண்றவங்க கவனிங்க, டாட்டூ போட்டா 12 மாசம் ரத்தம் குடுக்கக் கூடாதுங்கிறது நம்ம நாட்டு விதி, இதுக்கும் அது பொருந்தும். எம்ஆர்ஐ எடுக்கப் போனா சொல்லிடுங்க, மையில இரும்பு இருக்கதால ரொம்ப அரிதா அந்த எடம் வீங்கவோ எரியவோ செய்யும், அதுக்காக ஸ்கேன் எடுக்காம இருக்கக்கூடாது.

எவ்வளவு நாள் நிக்கும்? நிரந்தரம்னு சொல்றாங்க, நிரந்தரமும் இல்ல, தற்காலிகமும் இல்ல, அதுதான் சிக்கல். ஒரு வருஷத்துல இருந்து மூணு வருஷத்துக்குள்ள மங்கும், டச் அப் வேணும். மங்குறப்ப எல்லா நிறமும் ஒரே வேகத்துல போகாது, சிலது முன்னாடி போயிரும், சிலது நிக்கும், அதனால தோல் கலரா இருந்தது ஆரஞ்சாவோ சாம்பலாவோ மாறலாம். வெயில் இன்னொண்ணு. நம்ம தோல் சித்திரை வெயில்ல கருத்து மார்கழியில தெளியும், மை மாறாது. மார்கழியில பொருந்தினது சித்திரையில வெளுத்துத் தெரியும். அதனால வருஷத்துல பெரும்பாலான நாள் உங்க கை எந்தக் கலர்ல இருக்கோ அதுக்கு பொருத்தச் சொல்லணும், அப்புறம் காலம் பூரா அந்த எடத்துக்கு சன்ஸ்கிரீன். பிடிக்கலன்னா லேசர்ல எடுத்துக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கருப்பு டாட்டூவுக்குத்தான் அது ஓரளவு சுலபம். இரும்பு ஆக்சைடும் டைட்டானியமும் இருக்க தோல் கலர் மை மேல லேசர் பட்டா ரசாயன மாற்றம் நடந்து சட்டுன்னு கருத்துப் போகலாம், சாம்பலா கருப்பா ஆயிரும். வெள்ளைத் தழும்பு இருந்த எடத்துல கருப்புப் பட்டை. இத பண்றதுக்கு முன்னாடியே சொல்றவங்க ரொம்பக் குறைவு, ஆனா எனக்கு இந்த ஒரு தகவல்தான் ஆறு மாசம் யோசிக்க வச்சது.

இன்னொரு வழியும் இருக்கு, அது இதுல இருந்தே பொறந்தது. கனடாவுல மாண்ட்ரியல்ல காமிராண்ட், டூசேன்னு ரெண்டு டாக்டர்கள், முகத்துல ஆபரேஷன் பண்ணி வெள்ளையா போன தழும்புக்கு தோல் கலர் மை குத்திக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா மை போயிருச்சு, ஆனா தழும்பு முன்ன விட நல்லா இருக்கு, மேடு பள்ளம் குறைஞ்சு சொந்த நிறமே கொஞ்சம் வந்திருக்கு. அப்ப நல்லது பண்ணது மை இல்ல, ஊசியா இருக்குமோன்னு யோசிச்சு, மையே இல்லாம வெறும் ஊசியால குத்திப் பாத்து 1997ல எழுதினாங்க. ஊசி பழைய கெட்டி நார உடைச்சு விடுது, தோல் புதுசா கொலாஜன் போடுது. இன்னிக்கு மைக்ரோநீடிலிங்னு ஸ்கின் கிளினிக்ல பண்றாங்களே, அது வளர்ந்ததுல இந்தக் கதைக்கும் பங்கு இருக்கு. ஸ்ட்ரெச் மார்க்குக்கும் இப்ப மையே இல்லாம ஊசி மட்டும் போடுறவங்க இருக்காங்க. முழுசா போகாது, ஆனா மினுமினுப்பும் வழுவழுப்பும் கொஞ்சம் குறைய வாய்ப்பு இருக்கது இதுலதான். கலர் தப்பாயிருச்சேன்னு பின்னாடி அழவும் வேண்டியதில்ல. என்னைக் கேட்டா, நம்ம கலருக்கு மொதல்ல ஸ்கின் டாக்டர்கிட்ட இத பண்ணிப் பாத்துட்டு, அப்பவும் வெள்ளை உறுத்துச்சுன்னாத்தான் மைக்கு போகணும். கீலாய்டு எச்சரிக்கை இதுக்கும் உண்டு, ஊசி ஊசிதான்.

நான் இப்ப மூணு சிட்டிங் ஊசி மட்டும் போட்டிருக்கேன், ஸ்கின் டாக்டர்கிட்ட. தழும்போட ஓரம் முன்ன மாதிரி வெட்டி ஒட்டின மாதிரி இல்ல, நடுவுல வெள்ளை அப்படியே இருக்கு. அவங்களே ஒரு டாட்டூ பண்றவங்கள சொன்னாங்க, முழங்கைக்கு உள்பக்கமா ரெண்டு கலர்ல ரெண்டு புள்ளி பேட்ச் டெஸ்ட் போட்டு வந்திருக்கேன், ஒண்ணு அஞ்சாவது வாரத்துல ஆரஞ்சா திரும்பிருச்சு, இன்னொண்ணு எங்க இருக்குன்னு தேடித்தான் பாக்க வேண்டியிருக்கு. அது கோடை வெயில்லயும் அப்படியே இருக்கான்னு பாத்துட்டு மிச்சத்த முடிவு பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க. அம்மாச்சிகிட்ட காட்டினேன், என் கைய அவங்க கைக்குப் பக்கத்துல வச்சு ரெண்டையும் மாறி மாறி பாத்துட்டு, "எங்கடி குத்துனாங்க, ஒண்ணும் தெரியலயே"ன்னாங்க.